கழற்சிக்காய் கட்டினா ஓதம் வடியுமா? வேட்டிக்குள்ளே மறைக்கிற வீக்கம், தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

பேச்சிப்பாறை:

கடற்கரை மணல்மேட்டில் முளைக்கிற ஒரு முள்செடி. காயைத் தொட்டால் கை கிழியும். உள்ளே இருக்கும் கொட்டையை கல்லில் வைத்துத் தட்டினாலும் லேசில் உடையாது. உடைத்து பருப்பை வாயில் போட்டால் வேப்பங்காயே பரவாயில்லை என்று ஆகிவிடும். அப்படி ஒரு கசப்பு.

இந்தக் கொட்டைக்குத்தான் இப்போது ஏக கிராக்கி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் "கழற்சிக்காய் முழுசா வேணுமா, பொடியா வேணுமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். செல்போனைத் திறந்தால் பொண்ணுங்களுக்கு நீர்க்கட்டி கரைய கழற்சிக்காய், ஆண்களுக்கு விரைவீக்கம் வடிய கழற்சிக்காய், சர்க்கரைக்கு கழற்சிக்காய் என்று வீடியோ மேல் வீடியோ.

குமரி மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் வயசானவங்ககிட்ட கழற்சி என்றால் சிலருக்குப் புரியாது. கழஞ்சி என்றால் உடனே புரியும். மலையாளம் கலந்த பேச்சில் அதன் கொட்டை கழஞ்சிக்குரு. ஓதம் இறங்கினால் கழஞ்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, பருப்பை முட்டை வெள்ளைக்கருவில் அரைத்து பற்றுப் போடுவது எல்லாம் பாட்டி காலத்து வைத்தியம்.

பாட்டி சொன்னது பொய் இல்லை. ஆனால் பாட்டி காலத்தில் ஸ்கேன் இல்லை. வீக்கத்துக்குள்ளே இருப்பது தண்ணீரா, குடலா என்று பார்க்க வழி இல்லை. இன்றைக்கு வழி இருக்கிறது. இருந்தும் பார்க்காமல் மூன்று மாசம், ஆறு மாசம் என்று கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

கடலோரச் செடி மலைக்கு வந்த கதை

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். கழற்சி மரமும் இல்லை, சுத்தமான கொடியும் இல்லை. புதராகக் கிளம்பி பக்கத்தில் எது கிடைத்தாலும் அதில் முள்ளை மாட்டிக்கொண்டு ஏறும். தண்டில் முள், இலைக்காம்பில் முள், காய் மேலே சீப்பு மாதிரி முள். பூ மஞ்சள். காய் முற்றி வெடித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக ஒன்று அல்லது இரண்டு விதை இருக்கும்.

அவரை, புளி, கொன்றை எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் இதுவும் ஒன்று. படித்தவர்கள் முன்பு சீசல்பினியா பாண்டக் என்றார்கள். இப்போது கைலாண்டினா பாண்டக் என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். 1753-ம் ஆண்டு லின்னேயஸ் வைத்த பெயர் அது. ஆயுர்வேதத்தில் லதா கரஞ்சா. தெலுங்கில் கச்சக்காய.

இதன் சொந்த ஊர் வெப்பநாட்டுக் கடற்கரைகள். உப்புக்காற்றும் மணலும் இதற்குப் பழக்கம். ஆனால் கடலை விட்டு உள்ளே தள்ளியும் வேலியோரம், ஓடைக்கரை, மலையடிவாரம் என்று ஏறிவிடும். பேச்சிப்பாறை அணையில் தேங்கும் கோதையாற்றுத் தண்ணீர் திற்பரப்பில் அருவியாக விழுந்து, குழித்துறையில் தாமிரபரணி என்று பெயர் வாங்கி, தேங்காப்பட்டணத்தில் கடலில் சேருகிறது. மலையில் இருந்து கடல் வரைக்கும் ஒரே ஆறு. மேலே மலையிலும் கழஞ்சி, கீழே கடற்கரையிலும் கழஞ்சி என்று மாவட்டம் முழுக்க ஒரே பெயர், ஒரே வைத்தியம்.

கொட்டையின் கெட்டித்தனத்துக்கு ஒரு கதை உண்டு. இதன் ஓடு அவ்வளவு இறுக்கம். உள்ளே காற்று இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். கடலில் விழுந்தால் மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட, மிதந்து போகும். அழுகாது. அட்லாண்டிக் கடலில் வெப்பநாட்டுக் கரைகளில் விழுந்த கொட்டைகள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே வரை போய் ஒதுங்கியிருக்கின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒதுங்கிய ஒரு கொட்டையில் இருந்து செடியே முளைத்தது என்று ராபர்ட் பிரவுன் என்ற தாவர விஞ்ஞானி 1818-ம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். இது என்ன காய், எங்கே இருந்து வந்தது என்று தெரியாத ஸ்காட்லாந்து தீவுக்காரர்கள், கண்ணேறு படாமல் இருக்க இதைக் குழந்தைகள் கழுத்தில் கட்டினார்களாம். நம்ம ஊரு ஆளுங்க மட்டும்தான் கயிறு கட்டுவாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

விளையாட்டு, தங்கம், காய்ச்சல்

சங்ககாலப் பெண்கள் ஆடிய கழங்கு ஆட்டம் இந்தக் கொட்டையை வைத்துத்தான். பல்லாங்குழியில் சோழி, புளியங்கொட்டை கிடைக்காதபோது கழற்சிக்கொட்டை போட்டு ஆடுவார்கள். கடல் தாண்டி கரீபியன் தீவுகளிலும் பல்லாங்குழி மாதிரி குழிப்பலகை ஆட்டம் உண்டு. அங்கேயும் காய் இதே கொட்டைதான். பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு வேறு ஒரு விளையாட்டு. சிமெண்டுத் தரையில் சரக் சரக்கென்று தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து அலற விடுவது.

பழைய கல்வெட்டுகளில் "இத்தனை கழஞ்சு பொன்" என்று வருகிறதே, அந்தக் கழஞ்சும் இந்தக் கொட்டையில் இருந்து வந்த எடைதான். தஞ்சை பெரிய கோவில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் கொடுத்த நகைக்கெல்லாம் கழஞ்சுக் கணக்குதான். 20 மஞ்சாடி சேர்ந்தால் ஒரு கழஞ்சு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 கிராம்.

மருந்தாக இதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் காய்ச்சல் கொட்டை. மலேரியா வந்தால் குளிர் எடுக்கும், நடுங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அந்தக் காலத்தில் இதை மலைக்காய்ச்சல் என்பார்கள். குயினைன் மருந்து எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது. அப்போது கழற்சிப் பருப்பையும் மிளகையும் சரிபாதி சேர்த்துப் பொடித்துக் கொடுப்பது வழக்கம்.

இதில் குமரி மாவட்டத்துக்கு ஒரு சம்பந்தம் உண்டு. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூர் அரசில் டாக்டராக வேலை பார்த்தவர் எட்வர்டு ஜான் வேரிங். நாட்டு மருந்துகளை ஒதுக்காமல் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று குறித்து வைத்த மனிதர். அவர் தொகுத்து 1868-ம் ஆண்டு வெளியான இந்திய மருந்து நூலில் கழற்சியும் மிளகும் சேர்ந்த பொடி அதிகாரப்பூர்வ மருந்தாக இடம் பிடித்தது. அளவு? ஒரு வேளைக்கு 1 கிராமில் இருந்து 2 கிராம். அவ்வளவுதான். கரண்டி கரண்டியாக முழுங்கும் சமாச்சாரம் அப்போதே இல்லை.

பேச்சிப்பாறை அணை வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய இன்ஜினியர் மிஞ்சின் துரையின் கல்லறை இன்றைக்கும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் வேலைக்குப் போகிறவனுக்கு காய்ச்சல் என்றாலே உயிர்ப்பயம்தான். இன்று நிலைமை வேறு. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் மலேரியாவா இல்லையா என்று சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மலேரியாவுக்கு இனிமேல் கழற்சியை நம்பி உட்காரத் தேவையே இல்லை.

ஓதம் என்றால் என்ன?

இனி முக்கியமான விஷயம். ஊரில் ஓதம், விரைவீக்கம், அண்டவாதம் என்று பல பெயரில் சொல்வது ஒரே நோய் இல்லை. விரைப்பையில் வீக்கம் பல காரணத்தால் வரும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒன்று, தண்ணீர் கோர்ப்பது. விரையைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் ஈரம் எப்போதும் ஊறும், ஊறியது உறிஞ்சப்படும். இந்தக் கணக்கு தப்பினால் தண்ணீர் தேங்கும். பை பெருக்கும். இதுதான் ஹைட்ரோசில். பொதுவாக வலி இருக்காது. வலி இல்லாததுதான் இதன் சூழ்ச்சியே. கோலிக்குண்டு அளவு எலுமிச்சை ஆகி, எலுமிச்சை தேங்காய் ஆகும் வரை ஆள் வெளியே சொல்ல மாட்டார்.

அடிபட்டாலும் தண்ணீர் கோர்க்கும். கிருமித்தொற்றாலும் கோர்க்கும். பிறந்த குழந்தைக்கும் வரும். அது பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து யாராவது இலை வைத்துக் கட்டியிருந்தால் பேர் இலைக்குப் போகும்!

இதற்கு இன்னொரு பெரிய காரணம் யானைக்கால் கிருமி. சாக்கடைத் தண்ணீரில் முட்டையிடும் கியூலக்ஸ் கொசு கடித்து உடம்புக்குள் போகும் நூல் மாதிரிப் புழு, நிணநீர்க் குழாயில் குடியிருக்கும். பெண்களுக்கு காலில் வீக்கம் என்றால் ஆண்களுக்கு காலோடு சேர்த்து விரையிலும் வீக்கம். உலகம் முழுக்க இந்தக் கிருமியால் விரைவீக்கம் வந்த ஆண்கள் சுமார் 2 கோடியே 50 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கோடு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போன சுகாதாரத்துறை ஊழியர்களை வயசானவங்க மறந்திருக்க மாட்டார்கள். புழுவின் குஞ்சு ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும், அதனால்தான் அந்த நேரத்து வேலை. 2004-ல் இருந்து யானைக்கால் உள்ள மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்தது. புது ஆட்களுக்கு நோய் வருவது அதனால் குறைந்தது. ஆனால் ஏற்கனவே பை பெருத்தவருக்கு மாத்திரை அதைச் சுருக்காது.

ஆபத்து இன்னொரு வீக்கத்தில்

அடுத்தது குடலிறக்கம். ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் தெரியும். அடிவயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி விரைப்பை வரைக்கும் இறங்கிவிடும். பாரம் தூக்குகிறவர், விடாத இருமல் உள்ளவர், மலச்சிக்கலில் முக்குகிறவர், வயசானவர் எல்லோருக்கும் வரலாம். ரப்பர் பால் சுமப்பது, விறகு சுமப்பது, மீன் கூடை சுமப்பது எல்லாம் அடிவயிற்றைப் பிடிக்கும் வேலைகள்தான்.

படுத்தால் வீக்கம் உள்ளே போகிறது, எழுந்து நின்றால், இருமினால் வெளியே வருகிறது என்றால் குடலிறக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படுத்தாலும் அப்படியே இருந்தால் தண்ணீராக இருக்கலாம். டாக்டர் டார்ச் லைட்டை வீக்கத்தின் பின்னால் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் என்றால் வெளிச்சம் சிவப்பாக ஊடுருவித் தெரியும். குடல் என்றால் பெரும்பாலும் இருட்டுதான். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். குழந்தைகளின் குடலில்கூட சில நேரம் வெளிச்சம் ஊடுருவும்.

குடலிறக்கத்துக்கு இலைக்கட்டு போட்டு என்ன பயன்? வெளியே வந்த குடலைக் கழற்சி எப்படி உள்ளே அனுப்பும்? தசையில் விழுந்த ஓட்டையை எந்தப் பற்றும் அடைக்காது. பல வருஷம் சும்மா வந்து போய்க்கொண்டிருந்த குடல் ஒருநாள் திடீரென்று ஓட்டையில் மாட்டி நெரிபடும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் குடல் கருத்து அழுக ஆரம்பிக்கும். வீக்கம் கல் மாதிரி இறுகி, தாங்க முடியாத வலி, வாந்தி, வயிறு உப்பல், காற்றுக்கூட பிரியாத நிலை என்றால் அது நெரிபட்ட குடல். அந்த நேரத்தில் பற்று அரைக்க உட்கார்ந்தால் உயிருக்கே உலை.

வாலிபப் பையன்களுக்கு வேறு ஒன்று. திடீரென்று ஒரு பக்கம் உயிர் போகிற வலி, வீக்கம், குமட்டல். விரை தன் நரம்புக்கொடியோடு முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றலாம். விடியட்டும், பார்க்கலாம் என்றால் போச்சு. வலி இல்லாமல் கெட்டியான கட்டி விரையிலேயே இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் பேச்சிப்பாறை பக்கம் இன்னும் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அணைக்கு மேலே மோதிரமலை, குற்றியாறு, தச்சமலை, தோட்டமலை என்று காணி மக்கள் வாழும் குடியிருப்புகள் பரந்து கிடக்கின்றன. சில ஊரில் இருந்து அணைத் தண்ணீரைப் படகில் தாண்டித்தான் ரோட்டுக்கே வர முடியும். மழைக்காலத்தில், அதுவும் ராத்திரியில், வலியில் துடிக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது என்ன பாடு என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவரைவிட மலையில் இருப்பவர்தான் வீக்கம் சின்னதாக இருக்கும்போதே, பகலிலேயே இறங்கி வந்து காட்டிவிட வேண்டும்.

வெட்கம்தான் பெரிய தடை. "என்ன மக்கா, நடையே ஒரு மாதிரி இருக்கு?" என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டுவிடுவானோ என்று பயந்து, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு அலைகிறார்கள். பொண்டாட்டியிடம்கூட சொல்வதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கொட்டை வாங்கினால் ஏன் எதுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கழற்சிக்கு ஆள் சேருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கழற்சி வேலையே செய்யாதா?

அப்படியும் சொல்ல முடியாது. சித்த வைத்தியத்தில் வீக்கத்தைக் கரைப்பதற்கும், வாயுவைக் குறைப்பதற்கும், காய்ச்சலுக்கும் இது காலம் காலமாக இருக்கிறது. கசப்புக்குக் காரணமான பாண்டுசின் உள்ளிட்ட சத்துகளை விஞ்ஞானிகள் பிரித்து எடுத்திருக்கிறார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வீக்கம் குறைந்தது, சர்க்கரை இறங்கியது என்று முடிவுகள் வந்துள்ளன. ஆனால் எலிக்கு இறங்கிய சர்க்கரை மனுஷனுக்கும் அதே மாதிரி இறங்கும் என்று சொல்ல, ஆட்களை வைத்துப் பெரிய அளவில் செய்த சோதனைகள் வேண்டும். அது இன்னும் போதாது.

கிருமித்தொற்றாலோ சின்ன அடியாலோ வந்த ஆரம்ப வீக்கத்தில், விளக்கெண்ணெயும் இலையும் இதமான சூடும் சேர்ந்து வலியைக் குறைக்கலாம். அதை ஒரு சித்த மருத்துவர் பார்த்துச் சொன்னால் செய்யலாம். ஆனால் தேங்காய் அளவுக்குப் பெருத்த தண்ணீர்ப்பை பற்றுக்கு வடியாது. ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தாலும் மறுபடி ஊறிவிடும். பையைத் திறந்து, தண்ணீரை எடுத்து, பையின் ஒரு பகுதியை வெட்டியோ உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பியோ தைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடுவார்கள். ஆண்மை போய்விடும் என்று டீக்கடையில் பேசுவது சுத்தப் புரளி. தண்ணீர்ப்பை வேறு, விரை வேறு.

நீர்க்கட்டிக்கு கழற்சி சாப்பிடும் பெண்கள்

இப்போது விற்கிற கழற்சிப் பொடியில் பெரும்பகுதி பெண்களைக் குறி வைத்துத்தான். மாதவிலக்கு தள்ளிப்போகிறது, எடை கூடுகிறது, முகத்தில் முடி வளர்கிறது, ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்துவிட்டது. உடனே கழற்சி.

கட்டி என்ற பேரே பலரைப் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிவது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி இல்லை. முழுசாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன கருமுட்டைப் பைகள். ஹார்மோன் கணக்கு தப்பியதால் வருவது. அதனால் கட்டி கரைகிறது, உடைகிறது என்று விளம்பரத்தில் சொல்வதே பாதி தப்பு. உடல் எடையைக் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. சித்த மருத்துவர்கள் இதற்கு கழற்சிச் சூரணம் கொடுப்பது உண்மை. ஆளைப் பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். வீடியோவுக்கு உங்க உடம்பு தெரியாது.

தைராய்டு கோளாறு இருந்தாலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். கர்ப்பமாக இருந்தாலும் தள்ளிப்போகும்! கல்யாணம் ஆனவர் அதைப் பார்க்காமல் கழற்சிப் பொடியை முழுங்குவது பெரிய ஆபத்து. கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும், பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே கழற்சியும் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். சாப்பிடுவதானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. திட்டினாலும் பரவாயில்லை.

துண்டு நோட்டீஸ் போட்டால் ஜெயில்

"ஆபரேஷன் இல்லாமல் விரைவீக்கம் குணமாகும்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரிலும், கழிப்பறைக் கதவிலும் ஒட்டுகிறார்களே, அது சட்டப்படி குற்றம் என்று பலருக்குத் தெரியாது. மருந்து மற்றும் மந்திர வைத்திய ஆட்சேபகர விளம்பரத் தடைச் சட்டம் 1954-ம் ஆண்டில் இருந்தே இருக்கிறது. எந்தெந்த நோய்க்கு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஹைட்ரோசிலும் இருக்கிறது, சர்க்கரை நோயும் இருக்கிறது, கருப்பைக் கோளாறும் இருக்கிறது. முதல் தடவை மாட்டினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சுவரில் ஒட்டினாலும் செல்போனில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

பொடி வாங்குவதில் இன்னொரு சிக்கல். அரைத்த பிறகு அது கழற்சிதானா, கூட என்ன கலந்திருக்கிறது என்று பெரிய கில்லாடிக்கும் கண்டுபிடிக்க முடியாது. டப்பாவில் வாங்கினால் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், காலாவதி தேதி இருக்கிறதா என்று பார்க்கலாம். முழுக் கொட்டையாக வாங்கினால் ஏமாறுவது கஷ்டம். சாம்பல் நிறம், வழவழப்பு, உற்றுப் பார்த்தால் மேலே மெல்லிய கோடு கோடாக வளையம். மஞ்சளாக இருந்தால் அது இதன் பங்காளிச் செடியின் கொட்டை.

எங்கே காட்டுவது?

பேச்சிப்பாறை பக்கத்துக்காரர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குலசேகரம் அரசு ஆஸ்பத்திரியிலோ காட்டலாம். ஆபரேஷன் தேவை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காசு கிடையாது. ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். நாட்டு மருந்துதான் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்த மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கழற்சி சாப்பிட ஆசைப்பட்டால் அங்கே போய், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டுச் சாப்பிடலாம். திடீர் வலி, வாந்தி என்றால் மட்டும் எந்தப் பிரிவையும் தேட வேண்டாம், நேராக 108.

செடியை வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்கு: கொட்டையை அப்படியே மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது. ஓடு கெட்டி. அரத்தாலோ சொரசொரப்பான கல்லாலோ ஒரு பக்கம் ஓட்டைத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு நட வேண்டும். காட்டுக்குள் போய் வேரோடு பிடுங்கினால் வனத்துறை பிடிக்கும். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலைவாழ் மக்களுக்கும், பாரம்பரியமாகக் காட்டில் வாழ்பவர்களுக்கும்தான். ஆடு, மாடு நுழையாத வேலியாக தோட்டத்தின் ஓரத்தில் வைக்கலாம். நடுவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ரெண்டு வருஷம் கழித்து அதை வெட்ட வருகிற ஆள் கூலியை டபுளாகக் கேட்பார்.